பருவம் தவறிய கணக்கெடுப்பு

இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று பல பத்தாண்டுகள் பாடநூல்களில் படித்தோம். அண்மையில் அது 11,098.8 கிலோமீட்டராகத் திருத்தப்பட்டது. குஜராத்தின் கரை 1,214-இலிருந்து 2,340 ஆகவும், மேற்கு வங்கத்தின் கரை 157-இலிருந்து 721 ஆகவும் உயர்ந்தன. நிலம் ஒரு முழமும் வளரவில்லை. இம்முறை 1:2,50,000 அளவுகோலில் நுணுக்கமாக அளந்ததால் கழிமுகங்களும் கடலோடைகளும் கணக்கில் சேர்ந்தன. அளவுகோலுக்கேற்பக் கரையின் நீளம் மாறும் என்பதை மாண்டல்பிராட் 1967-லேயே எழுதிவிட்டார்.

ஒரு கோட்டின் நீளத்துக்கே இந்நிலை என்றால், அக்கோட்டின் மேல் வாழ்வோரின் வருவாயையும் உரிமையையும் எந்த அளவுகோலில் அளக்கிறோம்? "தரவு போதாது, செயற்கைக்கோளும் டிரோனும் பெருகினால் தீர்ந்துவிடும்" என்பது கருத்தரங்குகளில் வழக்கமான விடை. அதை நான் மறுக்கிறேன்.

கட்ச் வளைகுடாவின் முந்த்ரா கரையைப் பாருங்கள். வாகேர் மீனவக் குடும்பங்கள் மழைக்காலம் முடிந்ததும் அங்கு வந்து, 'பந்தர்' எனப்படும் குடியிருப்புகளில் ஆண்டின் பெரும்பகுதி தங்கி, மீன்பிடித்துக் கருவாடு உலர்த்துகின்றன; அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்புகின்றன. மழைமாதத்தில் பார்ப்பவருக்கு அவ்விடம் வெறும் மணல். அக்கரையில் எழுந்த டாடா அனல்மின் திட்டத்துக்குப் பன்னாட்டு நிதிக் கழகம் கடன் தந்தது. பருவந்தோறும் வந்து தங்கும் இம்மீனவர்களைத் தொடக்கநிலைத் தாக்க மதிப்பீடு கணக்கில் கொள்ளவில்லை என்று, கழகத்தின் குறைகேட்பு அமைப்பே 2013-இல் தன் தணிக்கையில் கண்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கழகத்துக்கு முழுமையான விலக்குரிமை இல்லை என்று அது 2019-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் பின்னர் கீழமை நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தன. எந்தச் செயற்கைக்கோள் இருந்திருந்தால் இக்குடும்பங்கள் கண்ணில் பட்டிருக்கும்? எம்மாதத்தில் பார்ப்பது, யாரைக் கேட்பது என்ற முடிவிலேயே பிழை நேர்ந்தது.

பொருளியல் தரவிலும் இதுவே நிலை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மீன் இறங்குதளங்களில் மாதிரி எடுத்து ஆண்டு மீன்வரத்தை மதிப்பிடுகிறது. மதிக்கத்தக்க முறைதான், ஆனால் அது மீனின் கணக்கு, குடும்பத்தின் கணக்கு அன்று. முன்பணம் தந்த வணிகருக்குக் குறைந்த விலையில் போகும் மீன், வீட்டு உலைக்குப் போகும் மீன், கருவாடு உலர்த்தும் பெண்களின் உழைப்பு ஆகியவற்றை இறங்குதள மதிப்பு காட்டாது. இழப்பீடு கணக்கிடும் நாளில் இவையெல்லாம் சுழியமாகிவிடுகின்றன.

மீனவர் ஊர்களையும் அவர்தம் பொதுவிடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் மேலாண்மைப் படங்களில் குறிக்கவேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையே சொல்கிறது. மீனவர் வரையும் படம் சார்புடையது என்பார்கள். 7,516.6 என்ற எண்ணும் சார்புடையதே. தன் அளவுகோலைச் சார்ந்தது. அச்சார்பை எப்பாடநூலும் நமக்குச் சொல்லவில்லை.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலோடு மாதத்தையும் எழுதுங்கள். ஒரே கரையை இரு பருவங்களிலேனும் பாருங்கள். படத்தை வெளியிடும் முன் அக்கரையில் தங்குவோரிடம் அவர்கள் மொழியில் காட்டித் திருத்தம் கேளுங்கள். இம்மூன்றும் செய்யாத ஆய்வேட்டை, அதன் வண்ணப் படங்களைக் கண்டு ஏற்றுக்கொள்ள வேண்டாம்.