மருந்துப் பட்டியலை யார் எழுதுகிறார்கள், யாருக்காக?

அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்றால் அது டாக்டர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று பலரும் கடந்துபோகிறார்கள். சேரித் தெருக்களில் வேலை செய்யும் எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் வசதி உள்ளவர் வெளியே வாங்கிக்கொள்வார். திருவாதவூர் வயல்களில் கூலிக்கு நடவு நடும் பெண்ணுக்கோ, அங்கே இல்லாத மருந்து எங்குமே இல்லாத மருந்துதான்.

உலக சுகாதார நிறுவனம் 1977இல் முதல் மாதிரிப் பட்டியலை வெளியிட்டது. இந்திய அரசின் தேசியப் பட்டியல் 1996இல் வந்தது. 2022 பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. தமிழ்நாடோ 1994லேயே மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கிவிட்டது. கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் மொத்தக் கொள்முதல், மாவட்டக் கிடங்கு, ஆய்வகச் சோதனை, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக் என்ற அந்த முறையைப் பார்த்துத்தான் கேரளாவும் ராஜஸ்தானும் தங்கள் கழகங்களை அமைத்தன. இந்தப் பெருமையை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு மருந்து ஏன் பட்டியலில் சேர்ந்தது, இன்னொன்று ஏன் விடுபட்டது என்பதும் மக்களுக்குத் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்திடம் யார் என்ன மருந்தைச் சேர்க்கக் கோரினார்கள், ஆதாரம் என்ன, நிபுணர் குழு ஏன் ஏற்றது, ஏன் மறுத்தது என்பதெல்லாம் வெளியிடப்படுகின்றன. ஆதாரம் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளை ஒரே நாளில் தடை செய்தது. வழக்கு, மறுஆய்வு எல்லாம் முடிந்து 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்குத் தடை வந்தது. அதுவரை அவற்றைக் கூலிக்காசில் வாங்கி விழுங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்ததாக 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலான சாவுகள் கிராமங்களில், ஆஸ்பத்திரிக்கு வெளியே நடக்கின்றன. விஷமுறிவு மருந்து பட்டியலில் இருக்கிறது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருவதே மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம்தான். ஆனாலும் நள்ளிரவில் மடை திறக்கப் போனவரைப் பாம்பு கடித்தால், பக்கத்து சுகாதார நிலையத்தில் மருந்து இருக்குமா, போட ஆள் இருக்குமா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் மேலூருக்கோ மதுரைக்கோ வண்டி பிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

“நிபுணர்கள் முடிவெடுக்கும் இடத்தில் கூலிக்காரர்களுக்கு என்ன வேலை?” என்று கேட்பார்கள். ஆதாரம் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ எண்ணி எழுதுவதுதான் ஆதாரம். போன வருடம் செலவான மருந்தை வைத்தே அடுத்த வருடத் தேவையைக் கணக்கிட்டால், ஆஸ்பத்திரிக்கு வந்துசேராமலே செத்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். கணக்கில் வராததால் மருந்தும் வராது. மருந்து இல்லாத இடத்துக்கு மக்களும் போக மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக நம்மை ஊருக்கு வெளியே வைத்தவர்கள் இப்போது கணக்குக்கும் வெளியே வைக்கிறார்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது நல்ல முடிவு. அந்தப் பதிவேட்டில் கடிபட்டவர் கூலியா பட்டாதாரரா, எந்தச் சமூகம், எத்தனை மணி நேரத்தில் மருந்து கிடைத்தது என்பதும் பதிவாக வேண்டும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் வாசலிலும் அங்கே இருக்க வேண்டிய மருந்து என்ன, இன்று இருப்பது என்ன என்று தமிழில் எழுதிப் போடுங்கள். சேர்த்ததற்கும் நீக்கியதற்கும் காரணத்தை வெளியிடுங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு மருந்துக் கம்பெனிகளோடு உள்ள தொடர்பை அறிவியுங்கள். விவசாயக் கூலிகளும் தூய்மைப் பணியாளர்களும் தங்கள் தேவையைச் சொல்ல ஒரு வழி வையுங்கள்.

இது சலுகை அல்ல. பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களை வெளியிட வேண்டும், பாதிக்கப்படுவோருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவிலேயே சொல்கிறது. அடுத்த கிராம சபையில் இந்தக் கேள்வியை எழுப்பித் தீர்மானமாக எழுத வைப்போம். உங்கள் ஊரிலும் எழுப்புங்கள்.