கட்டில் எத்தனை, ஆள் எத்தனை?



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் பாதி நர்ஸிங் சீட்டைப் பற்றித்தான். அதில் ஒன்று, நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். அறந்தாங்கிப் பக்கத்து வாசகர் ஒருவர் மகளுக்காக மூன்று கல்லூரிகளின் பீஸை வரிசையாக எழுதி, குறைந்ததைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். "இதுல சேத்துரலாமாம்மா?" அவ்வளவுதான் கேள்வி.

போன் போட்டேன். வட்டம் போட்ட கல்லூரியில் ஹாஸ்டல் கட்டாயம், மெஸ் தனி. யூனிபார்ம், ரெக்கார்டு நோட்டு, ஆஸ்பத்திரிப் போஸ்டிங்குக்குப் போகும் பஸ் எதுவும் தாளில் ஏறவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் பீஸ் கூடுதல், ஆனால் வீட்டுச் சாப்பாட்டோடு போய்வரலாம். பி.எஸ்சி.யின் நான்கு வருடத்துக்கும் கூட்டிப் பார்த்ததும் வட்டம் இடம் மாறியது.

ஆனால் அந்தப் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு உறவுக்காரப் பெண் ஒருத்திக்காக நான் முன்பே போயிருக்கிறேன். அதன் ஆஸ்பத்திரியில், காலை 10 மணிக்கு, ஒரு வார்டில் 20 கட்டில். படுத்திருந்தவர்கள் 3 பேர். சுற்றி நின்ற மாணவிகள் 12 பேர். ஒரு பெண் தோழியின் கையிலேயே பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறையாக என்று தோழி முகம் சொன்னது. ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு. அங்கே ஒரு நோயாளிக்கு 4 மாணவிகள். நரம்பு தேடி ஊசி ஏற்றுவதைப் பொம்மையில் எத்தனை நாள் பழகுவது?

பேச்சு நடுவில் போனை வாங்கிய அறந்தாங்கி வாசகரின் மனைவி கேட்டது இன்னும் நல்ல கேள்வி: "மூணு வருஷ டிப்ளமோ போதாதா? ஒரு வருஷம் மிச்சம்தானே?" அரசு ஒப்பந்த வேலைக்கு டிப்ளமோவே போதும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுத்த நர்ஸ்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம். டிகிரிக்கென்று ஒரு ரூபாய் கூடக் கிடையாது. அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போய்ப் போராட்டத்துக்கு உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் எய்ம்ஸ் நர்ஸிங் ஆபீசர் வேலைக்கு அடிப்படைச் சம்பளமே 44,900. அந்தத் தேர்வை பி.எஸ்சி. முடித்து நர்ஸாகப் பதிவு செய்தவர் உடனே எழுதலாம். டிப்ளமோ படித்தவர் 50 கட்டிலுக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். பிறகு டிகிரி வேண்டுமென்றால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இன்னும் இரண்டு வருடம். படிப்பு மட்டும் மொத்தம் ஐந்து வருடம். சம்பாதித்துக்கொண்டே ஏற வேண்டிய வீட்டுக்கு இதுவும் நல்ல வழிதான். குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

பணத்துக்கு: 4 லட்சம் வரை கல்விக்கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது. மேனேஜர் கேட்டால் நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பஸ் செலவுக்காவது ஆகும். சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டுகிற இடமென்றால், எப்போது திரும்பத் தருவார்கள் என்று எழுதி வாங்காமல் வராதீர்கள். என் உறவுக்காரப் பெண் ஒன்பது மாதம் அலைந்தாள்.

போன வாரம் அறந்தாங்கியிலிருந்து இன்னொரு தாள் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறி மூன்று கல்லூரிகளின் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்திருக்கிறார். பீஸ் பத்தியை அடித்துவிட்டு, கட்டில், ஆள், பிள்ளைகள் என்று மூன்று பத்தி போட்டிருந்தார். ஒரு வரியின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக: "இங்க ராத்திரி டியூட்டிக்கும் பிள்ளைகளை அனுப்புறாங்களாம். கூட மேடம் வருவாங்களான்னு கேக்க மறந்துட்டேன். நாளைக்குத் திரும்பப் போறேன்."

அன்புடன்,
ஆசிரியர்