தரிசுன்னு எழுதிட்டா காலி இடமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

விருத்தாசலத்துல இருந்து எழுதுறேன். எங்க பக்கம் பர்சிங்சர்ங்கிற பேர் பல வீடுகளுக்குப் பழக்கம். ராஜஸ்தான் மாநிலம் பிகானேர் மாவட்டத்துல, நெய்வேலி நிறுவனத்தோட 250 மெகாவாட் பழுப்பு நிலக்கரி மின்நிலையம் இருக்கிற ஊர். அந்தப் பாலைவனத்தைப் பத்திப் பேச்சு வந்தா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "அங்க என்ன இருக்கு? வெறும் மணலும் காத்தும்."

சரி, அந்தக் காத்துல எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம்? இந்தக் கணக்கை எப்படிப் போடுறாங்கன்னு ஒரு இன்ஜினியரிங் படிச்சவனா சொல்றேன். அதுல நம்ம நிலத்துக்கும் ஒரு பாடம் இருக்கு.

பீங்கான் ஊர்க்காரங்களுக்குத் தெரியும், சூளையில சூடு கொஞ்சம் தப்பினாலும் மொத்தச் சரக்கும் போச்சு. காற்றாலையும் அப்படித்தான். காத்தோட வேகம் விநாடிக்கு 5 மீட்டர்ல இருந்து 6 மீட்டர் ஆனா, அதுல இருக்கிற ஆற்றல் 73 சதவீதம் கூடும். வேகத்தின் மும்மடிப் பெருக்கம்தான் கணக்கு. அதனால கண்மதிப்பு உதவாது. உயரமான கம்பம் நட்டு, பல உயரங்கள்ல வேகமானி கட்டி, 10 நிமிஷத்துக்கு ஒரு சராசரின்னு குறைஞ்சது ஒரு வருஷம் அளக்கணும். பாலைவனத்துல இன்னும் ரெண்டு கழிவு உண்டு. 45 டிகிரி வெயில்ல காத்து லேசாகிடும். 15 டிகிரியில இருக்கிறதைவிட ஏறக்குறைய 9 சதவீதம் அடர்த்தி குறைவு. மணல் பட்டுப் பட்டு இறக்கையோட விளிம்பு தேயும்.

இந்த அளவீட்டுக்கு இந்தியாவுல அடித்தளம் போட்டவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில படிச்ச இயற்பியலாளர். நாடு முழுக்கக் காத்து அளவுகளைத் திரட்டி 1983ல் அவர் கொண்டு வந்த தொகுப்பு பெரிய வழிகாட்டி. 1986ல் தூத்துக்குடி பக்கம் தொடங்கின தமிழ்நாட்டுக் காற்றாலை, இன்னிக்கு 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிக்குது.

இப்போ நாடு முழுக்க இந்தக் கணக்கைப் போடுறது சென்னை பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய காற்றாற்றல் நிறுவனம். அவங்க மதிப்பீட்டுல ராஜஸ்தானுக்கு 120 மீட்டர் உயரத்துல சுமார் 128 ஜிகாவாட். 150 மீட்டர் உயரத்துல சுமார் 284 ஜிகாவாட். அதே மாநிலம், அதே மணல். உயரத்தை 30 மீட்டர் கூட்டினதும் எண் ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. ஆக, இந்த எண்ணுக்குப் பின்னாடி நாம கேக்க வேண்டிய கேள்விகள் இருக்கு.

முக்கியமான கேள்வி நிலத்தைப் பத்தினது. 100 மீட்டர் உயரத்துக்கு முன்னாடி போட்ட கணக்குல, தரிசு நிலத்துல 80 சதவீதம், சாகுபடி நிலத்துல 30 சதவீதம், காட்டுல 5 சதவீதம் கிடைக்கும்னு வச்சுக்கிட்டாங்க. அதாவது, பதிவேட்டுல 'தரிசு'ன்னு ஒரு சொல் இருந்தாப் போதும். அஞ்சுல நாலு பங்கு காற்றாலைக்கான இடமா கணக்குல ஏறிடும்.

ஆனா ஜெய்சல்மேர்ல அந்தத் தரிசுக்கு ஊர் மக்கள் வச்சிருக்கிற பேர் 'ஓரன்'. சாமி பேர்ல தலைமுறை தலைமுறையா காப்பாத்துற மேய்ச்சல் காடு. ஆடு மாடு, ஒட்டகம், ஊர்க் குளம் எல்லாம் அதுலதான். சுமார் 150 மட்டுமே மிஞ்சியிருக்கிற கானமயிலோட கடைசிப் புகலிடமும் அந்தப் பகுதிதான். அந்தப் பறவை மின்கம்பியில மோதிச் சாகுது. கம்பியைப் பூமிக்கடியில கொண்டு போகணும்னு 2021ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழு போட்டது. அதே வருஷம் டிசம்பர்ல, ஓரன்களை நேர்ல அளந்து வரைபடத்துல ஏத்தணும்னு ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவு போட்டது. காத்தை அளந்து முடிச்ச பிறகு நிலத்தை அளக்கிற கதை இது.

நாம காற்றாலைக்கு எதிரி இல்லை. நிலக்கரிக்காக ஊரையே தோண்டி எடுக்கிறதோட வலி நம்ம மண்ணுக்குத் தெரியும். காற்றாலை பிடிக்கிற இடம் கம்மி. அடியில ஆடு மேயலாம். அதனாலதான் இந்த வேலையைச் சரியா செய்யணும்னு கேக்குறோம்.

👉 காத்தை அளக்கும்போதே மேய்ச்சல் நிலம், நீர்வழி, பறவைப் பாதை எல்லாத்தையும் ஊர் மக்களை வச்சு வரைபடத்துல குறிக்கணும்.

👉 அளவீட்டு விவரங்களைத் தமிழ்ல, கிராம சபையில வைக்கணும்.

👉 புது நிலம் தேடுறதுக்கு முன்னாடி, ஆரல்வாய்மொழி மாதிரி நல்ல காத்து இருக்கிற இடத்தைப் பிடிச்சிருக்கிற பழைய சின்னக் காற்றாலைகளை மாத்தணும்.

நம்ம வருவாய்ப் பதிவேட்டுலயும் 'தீர்வை ஏற்பட்ட தரிசு' உண்டு, 'மேய்க்கால் புறம்போக்கு' உண்டு. நாளைக்கு யாரோ ஒருத்தர் கணிப்பொறியில உக்காந்து சதவீதம் போடும்போது பாக்கப் போறது அந்தச் சொல்லைத்தான். அதனால உங்க ஊர் 'அ' பதிவேட்டை ஒரு தடவை பாருங்க. ஆடு மேயுற இடம் எந்தப் பேர்ல இருக்குன்னு அடுத்த கிராம சபையில எழுந்து கேளுங்க.

படிச்சீங்கன்னா பகிருங்க தோழர்களே.

#தரிசல்ல_வாழ்விடம்