எண்ணும் தமிழில் வேண்டும்

பலெர்மோ வுச்சீரியாவின் மீன் தட்டுகளுக்கு முன்னே நின்று, விலையை நொடிப்பொழுதில் இத்தாலிய மொழியிற் கூட்டிச் சொல்லும் பிள்ளைகளை நாம் அறிவோம். தாய் நீட்டிய தாளுக்கு மீதி எவ்வளவு என்பதையும் பிள்ளையே சொல்லும். "தமிழிற் சொல்லு, மகள்" என்றால் மட்டும் நா தடுமாறுகிறது. எழுபத்தொன்பதா, எண்பத்தொன்பதா? ஊரிலிருந்து அம்மம்மா சோதனையில் எத்தனை புள்ளி என்று கேட்டதும் தொலைபேசி தாயின் கைக்கு மாறுகிறது. எழுத்து தமிழுக்கு, எண் இத்தாலிய மொழிக்கு என்று பாகம் பிரித்துக் கொடுத்தவர்கள் நாமே. இது பிழை என்பது எமது கருத்து.

கணிதத்தைப் பகற் பள்ளியே கற்பிக்கிறதே என்று பெற்றார் சிலர் கேட்பர். ஓர் உதாரணம் காட்டுவோம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றிப் பிரிபடாத, ஒன்றிலும் பெரிய எண்ணை இத்தாலியர் 'நூமெரோ பிரீமோ' என்பர். நாம் ஊரிற் படித்த 'முதன்மை எண்' என்பதும் அதே பொருளுடையதே. தமிழ்நாட்டார் வழங்கும் 'பகா எண்' என்ற பெயரோ வரைவிலக்கணத்தையே சொல்லிவிடுகிறது. பிள்ளைக்கு மனனம் செய்யும் வேலையில்லை.

இந்நாட்டின் பொலோஞா நகரிற் கற்பித்த பியேத்ரோ கத்தால்தி, 1588 இல் பத்தொன்பது இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் 5,24,287 என்னும் எண்ணை ஆராய்ந்தார். பகு எண்ணாயின் அதன் மிகச் சிறிய பகாக் காரணி வர்க்கமூலத்தை மிஞ்சாது. இதன் வர்க்கமூலம் 724 ஐச் சற்றே கடந்தது. ஆகவே 2 முதல் 719 வரையுள்ள 128 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாற் போதும். அத்தனையையும் கையாற் செய்து, ஒன்றாலும் பிரிபடாது என்று நிறுவினார். அதனினும் பெரிய பகா எண்ணை நூறாண்டுக்கு மேலாக எவரும் காட்டவில்லை. 2024 இல் அறியப்பட்ட பகா எண்ணுக்கு நாலு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள். அதுவும் இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்து வந்ததே!

எமக்கு முக்கியமாகப் படுவது வேறு. அறிஞர் உலகம் பெரும்பாலும் இலத்தீனில் எழுதிய காலத்தில், இவ்வாராய்ச்சியைக் கத்தால்தி 1603 இல் தம் தாய்மொழியிலேயே நூலாக்கினார். சந்தைக்காரன் பேசிய மொழியில் உயர்கணிதம் நின்றது. எமது மொழியில் மட்டும் நில்லாதா? வாரத்தில் அரை மணி நேரத்தைத் தமிழ்க் கணக்குக்கு ஒதுக்குமாறு ஆசிரியர்களைக் கேட்கிறோம்.

கத்தால்தியும் தவறினார். இருபத்துமூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்த 83,88,607 உம் பகா எண் என்று எழுதிவிட்டார். 1640 இல் பேர்மா அதன் காரணியைக் கண்டுபிடித்தார். அது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஒரு பகா எண். எதுவென்று இங்கே சொல்லமாட்டோம். முதல் வகுப்பிற் பிள்ளைகள் தமிழில் வாய்விட்டு வகுத்துக் காணட்டும். பெற்றாரும் கடைசி வாங்கில் வந்து அமரலாம்.