சுண்டைக்காய் கால் பணம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்று என் பாட்டி அடிக்கடி சொல்லுவார். அந்தப் பாட்டியையே கப்பலில் ஏற்றப் போய்த்தான் அந்தப் பழமொழியின் பொருளை நான் கற்றுக்கொண்டேன். பஸ் பாஸில் கல்லூரிக்கு வந்து போகும் நமக்கும் உல்லாசக் கப்பலுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

என் தாய்மாமன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என் விடுதிச் செலவு அவர் அனுப்பும் பணத்தில்தான் நடக்கிறது. இரவு பகலாகக் கப்பலுக்கு ஒட்டுப் போடுகிறவருக்கு, பெற்றவர்களை ஒருமுறையாவது கப்பலில் ஏற்றிப் பார்க்க ஆசை. சென்ற ஆண்டு மூன்று இரவுப் பயண விளம்பரம் ஒன்றைக் கைப்பேசியில் அனுப்பி, “மாப்ளே, நீ படிக்கிறவன். மொத்தம் எவ்வளவு ஆகும்னு பார்த்துச் சொல்லு” என்றார்.

தலைக்கு 299 வெள்ளி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தாத்தா, பாட்டி, மாமா. மூன்று பேருக்கு 897 வெள்ளி. கணிதம் படிக்கிறவனுக்கு இது ஒரு கணக்கா? உடனே சொல்லிவிட்டேன். அவரும் என்னை நம்பி விடுப்பு எழுதிக் கொடுத்து, ஊரிலிருந்து இருவருக்கும் விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

கப்பலுக்குப் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வந்த தொகை 1,344 வெள்ளி! துறைமுகக் கட்டணமும் வரியுமாகத் தலைக்கு 95. ஊழியர் சேவைக் கட்டணம் தலைக்கு, ஓர் இரவுக்கு 18. விளம்பரத்தின் அடியில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் எல்லாம் இருக்கத்தான் செய்தது. நான்தான் படிக்கவில்லை. மாமா ஒரு சொல்லும் கடிந்து பேசாமல் 447 வெள்ளியைக் கூடுதலாகக் கட்டினார். அந்த மாதம் எனக்கு வரவேண்டிய விடுதிப் பணம் வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு பில்லைப் படிக்கத் தெரியாமல் போனேனே என்ற வெட்கம் இன்றும் தீரவில்லை.

அதன் பிறகுதான் பில்லை வரி வரியாகப் படிக்கத் தொடங்கினேன். எல்லாத் தொகையும் ஒரே பெட்டியில் அடைபட்டிருந்தாலும், எல்லாம் ஒரே கைக்குப் போவதில்லை. துறைமுக வரி என்பது கப்பல் தொட்டுச் செல்லும் ஊர், பயணித் தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கேட்பது. அலாஸ்காவில் 2006-ஆம் ஆண்டு மக்களே வாக்களித்துத் தலைக்கு 46 டாலர் வரி விதித்தார்கள். 2010-இல் அது 34 டாலர் 50 சென்ட்டாகக் குறைந்தது. கிரேக்க நாடு 2025 ஜூலை முதல் சாந்தோரினி, மைக்கோனோஸ் தீவுகளில் கோடைக் காலத்தில் இறங்கும் கப்பல் பயணியிடம் 20 யூரோ கேட்கிறது. ஆயிரக்கணக்கானவர் ஒரே நாளில் வந்திறங்கினால் அந்தச் சிறு தீவின் குப்பையை யார் அள்ளுவது? இத்தகைய வரியை நான் குறை கூற மாட்டேன்.

சேவைக் கட்டணம் வேறு. அது ‘டிப்ஸ்’. மனமுவந்து கொடுப்பதற்குப் பெயர் டிப்ஸ் என்றால், முன்கூட்டியே பில்லில் ஏறியதற்கு என்ன பெயர்? அமெரிக்கக் கப்பல்களில் சாதாரண அறைக்கே நாளொன்றுக்கு, ஆளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை வாங்குகிறார்கள். கேட்டால் இதைக் குறைத்துக்கொள்ளப் பல கப்பல்களில் வழியுண்டு. ஆனால் அறையைத் துடைப்பவர், தட்டைக் கழுவுபவர் வருமானம் இதில் கலந்திருக்கிறது. அவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளும் ஏராளம். அதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. கூலியை முதலாளி சம்பளமாகவே கொடுத்து, அதையும் சேர்த்து விலை சொல்லட்டும் என்பதே என் கட்சி.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. பெயர் அரசாங்கத்துடையது, பணம் கம்பெனியுடையது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ‘துறைமுகக் கட்டணம்’ என்று வாங்கியதில் ஒரு பகுதி துறைமுகத்துக்கே போகவில்லை என்று புகார் கிளம்பியது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் தலையிட்ட பின், 1997-இல் பல கப்பல் நிறுவனங்கள், உண்மையாகவே அரசுக்குச் செலுத்தும் தொகையை மட்டுமே விளம்பர விலைக்கு வெளியே காட்டுவதாக ஒப்புக்கொண்டன. பத்தாண்டு கழித்து, எண்ணெய் விலை ஏறியதும் ‘எரிபொருள் கட்டணம்’ முளைத்தது. முன்பே பதிவு செய்தவர்களிடமும் அதைக் கேட்டார்கள்! மீண்டும் அதே மாநிலம் தலையிட, 2008-இல் பணத்தைத் திருப்பித் தரவேண்டி வந்தது.

யார் கைக்குப் போகிறது என்று பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ரத்து செய்யும்போது தெரியும். கப்பல் கட்டணம் திரும்பாவிட்டாலும், ஏறாத பயணிக்காகத் துறைமுகத்துக்குக் கட்டாத வரி பெரும்பாலும் திரும்பி வரும். நம் நாட்டு விமான டிக்கெட்டிலும் அப்படியே: பணம் திரும்பாத டிக்கெட்டானாலும் அரசு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்?

நம் தெருமுனைக் கடையின் பிஸ்கட் பொட்டலத்தைப் பாருங்கள். ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்று ஒரே விலைதான் அச்சிட்டிருக்கிறது. பிஸ்கட்டுக்கு முடிவது கப்பலுக்கு ஏன் முடியாது? கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல், அரசு வரி நீங்கலாகக் கட்டாயக் கட்டணம் அனைத்தையும் விளம்பர விலைக்குள்ளேயே காட்ட வேண்டும் எனச் சட்டம் வந்துவிட்டது. கடல் ஒன்றுதான், கரைக்குக் கரை நியாயம் மட்டும் மாறுகிறது.

பாட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. கப்பலில் தயிர்சாதம் கிடைத்ததையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா அடுத்த ஆண்டு என் அம்மாவை அழைத்துப் போக வேண்டுமென்று புதிய விளம்பரம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். இம்முறை எறும்பு எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். அதில் ‘இதரக் கட்டணம்’ என்று ஒன்று இருக்கிறது. யாருக்குப் போகிறது என்று கேட்டு எழுதி மூன்று வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. வரும்வரை பணம் கட்ட வேண்டாமென்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.