பழைய சத்தத்துக்குப் புதிய கண்டென்சர்!



கிடார் வாசிக்கிற நம் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "வால்வு ஆம்ப்ளிஃபயர் சத்தம்தான்டா சத்தம்! ஐ.சி. போட்டதெல்லாம் தகர டப்பா!" என்பார்கள். சரி, நாமே ஒன்று கட்டலாமே என்று கிளம்பினால் அடுத்த கட்டளை வரும்: "எல்லாம் பழைய சாமானா இருக்கணும். கண்டென்சர்கூட அந்தக் காலத்துச் சரக்கா வேணும்!"

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். பழசாக இருக்க வேண்டியது சர்க்யூட். பாகங்களில் வால்வு மட்டும் பழசாக இருந்துவிட்டுப் போகட்டும். மற்றதெல்லாம் புதுசாகத்தான் இருக்க வேண்டும்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில் முதல் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரைக் கட்டினார்கள். சர்க்யூட், அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் இங்கிலாந்திலேயே கிடைத்தவை. பிறகு வால்வும் கே.டி. 66 என்ற அந்த ஊர்ச் சரக்காக மாறியது. பழைய சாமான் தேடி அவர்கள் அலையவில்லை. கைக்கு எட்டியதைப் போட்டார்கள். புது சத்தமே பிறந்துவிட்டது!

நமக்கும் கைக்கு எட்டும் பொருள் உண்டு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வு தயாரிப்பைத் தொடங்கியது. அந்த உற்பத்தி என்றோ நின்றுவிட்டாலும், அங்கே செய்த இ.எல். 84, இ.சி.சி. 83 வால்வுகள் பழைய ரேடியோக்களில் இன்னும் இருக்கின்றன. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் வால்வு ரேடியோ கண்ணில் பட்டால் வால்வின் கண்ணாடிக்குள் பாருங்கள். வெள்ளிப் பூச்சு பளபளத்தால் எடுத்துச் சோதிக்கலாம். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. விட்டுவிடுங்கள்.

ஆனால் அதே ரேடியோவிலிருந்து பேப்பர் கண்டென்சரைப் பிடுங்காதீர்கள். முன் வால்வின் பிளேட்டுக்கும் பவர் வால்வின் கிரிட்டுக்கும் நடுவில் நிற்கிற காவல்காரன் அது. சத்தத்தை விடணும், டி.சி.யைத் தடுக்கணும். வயதான பேப்பர் கண்டென்சர் டி.சி.யைக் கசியவிடும். கிரிட் பாசிட்டிவ் பக்கம் ஏறும், பவர் வால்வின் பிளேட் சிவக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். 0.022 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் புதுசாகப் போடுங்கள். பில்டர் கண்டென்சரும் அப்படியே. காய்ந்துபோன எலெக்ட்ரோலிட்டிக் தருவது பழைய இசை அல்ல, வெறும் ஹம்!

ரெசிஸ்டருக்கு வருவோம். எங்க ஊர் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பக்கத்து உப்புக் காற்றுக்கு சைக்கிள் ஸ்போக்கே தாங்காது. கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் ஈரத்தை இழுத்து மதிப்பு ஏறிவிடும், இரைச்சலும் அதிகம். மெட்டல் ஃபிலிம் போதும். வாட்டேஜில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

மிச்சம் பிடித்த காசையெல்லாம் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள். பாதிச் சத்தம் அதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு இ.எல். 84 போட்டால் பிளேட்டில் 250 வோல்ட், சுமார் 48 மில்லி ஆம்பியர், லோடு 5,200 ஓம், கிடைப்பது ஐந்தாறு வாட். 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுற்று விகிதம் ஏறக்குறைய 25-க்கு 1. காயில் கட்டுபவரிடம் இந்தக் கணக்கோடு போங்கள். "சிங்கிள் வால்வுண்ணே, கோருக்கு நடுவுல கேப் விடுங்க" என்று மறக்காமல் சொல்லுங்கள். கேப் இல்லாவிட்டால் டி.சி.யிலேயே கோர் நிறைந்து சத்தம் சப்பையாகும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு அமெரிக்கக் கணக்கை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. அது 60 ஹெர்ட்ஸுக்குப் போட்டது. நம்முடைய 50 ஹெர்ட்ஸுக்கு இரும்பு கூடுதலாக வேண்டும்.

கடைசியாக, உயிர் விஷயம். பழைய ஏ.சி./டி.சி. ரேடியோக்களில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சேசிஸில் நேராகக் கரண்ட் வரும். அந்த சேசிஸில் கிடாரைச் சொருகினால் கம்பியைத் தொடுகிற விரலுக்கு என்ன கதி? தனி டிரான்ஸ்ஃபார்மர், மூன்று பின் பிளக், சேசிஸுக்கு எர்த், ஃபியூஸ் — இந்த நான்கும் இல்லாத செட்டுக்கு ஸ்விட்ச் போடாதீர்கள். அணைத்த பிறகும் பில்டர் கண்டென்சரில் முந்நூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும். அதன் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். அப்புறமும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. லேபில் ஒரு மேசையை வால்வு வேலைக்கென்று கேட்டு வாங்கித் தாருங்கள். ஒருத்தன் சால்டர் வைக்க, இன்னொருத்தன் ஸ்விட்ச் பக்கத்தில் நிற்கட்டும். வால்வை நம் பாடத்தில் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் ஓம் விதியும் டிரான்ஸ்ஃபார்மர் கணக்கும் அந்த மேசையில் மனதில் பதிகிற மாதிரி கரும்பலகையில் பதியாது. கட்டிப் பாருங்கள், காது சொல்லும்!