பெருத்த டயரும் மெலிந்த அச்சும்

மலைப்பாதையில் ஓடும் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டினால் அச்சையும் வலுப்படுத்த வேண்டுமா? மொழியியல் படித்தவருக்கு இந்த வினாவில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். களப்பணிக்குச் செல்லும் நாம் ஒலிப்பதிவுக் கருவியின் மின்கலத்தை இருமுறை சோதிக்கிறோம். நம்மை ஏற்றிச் செல்லும் வண்டியின் அடிப்பகுதியை ஒருமுறையேனும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த அலட்சியத்தின் விலையை அண்மையில் மிக அருகில் கண்டேன். ஆதலால் எழுதுகிறேன்.

டார்ஜிலிங் மாவட்டத்தில் சிங்காலிலா மலைத்தொடரை ஒட்டிய ஒரு சிற்றூருக்குச் சென்றுகொண்டிருந்தோம். வாடகை ஜீப்பில் ஓட்டுநரோடு ஆறு பேர். டயர்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு, பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தன. மழை பெய்து ஓய்ந்த கற்பாதை, செங்குத்தான ஏற்றம். பின்சக்கரம் ஒன்று பாசி படிந்த கல்லின்மேல் வழுக்கிச் சுழன்றது. சுழன்ற வேகத்திலேயே அடுத்த கணம் காய்ந்த பாறையைப் பற்றியது. வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை. என்ஜின் இரைந்தது; வண்டி முன்னேறவில்லை; பின்னோக்கி உருளத் தொடங்கியது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். நாங்கள் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். பின் அச்சுத்தண்டு உட்புறத்தில் இரண்டாக முறிந்திருந்தது.

நேபாளியில் அண்ணனைத் ‘தாய்’ என்று அழைப்பர். அந்தத் தாயிடம், “அச்சை மாற்றாமல் இவ்வளவு பெரிய டயரை ஏன் மாட்டினீர்கள்?” என்று கேட்டேன். “வருகிறவர்கள் டயரைப் பார்த்துத்தான் வண்டி பிடிக்கிறார்கள். அச்சை யார் குனிந்து பார்க்கிறார்கள்?” என்றார். என் கோபம் அவர்மேல் இல்லை. டயரை மட்டும் பார்க்கும் நம் கண்மேல்தான்.

என் வாதம் இதுதான். ஆலை குறித்த அளவைவிடக் கணிசமாகப் பெரிய டயரோடு கரடுமுரடான ஏற்றத்தில் ஓடும் வண்டிக்கு வலுவான அச்சு கட்டாயம். அச்சை மாற்ற மனமோ பணமோ இல்லாதவர் டயரையும் மாற்றக் கூடாது. டயரை மட்டும் மாற்றுவதைத் தனிமனித ரசனை என்று ஒதுக்கிவிட முடியாது; அந்த ரசனையின் இடரைச் சுமப்பவர் பின்னிருக்கையில் இருப்பவர்.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வழக்கமாக வைக்கப்படுகின்றன.

முதல் வாதம் சாதுரியமானது: “என்ஜின் மாறவில்லை; கியர் மாறவில்லை. அப்படியிருக்க அச்சுக்கு வரும் விசை மட்டும் எப்படிக் கூடும்?” லோ ரேஞ்சில், முதல் கியரில், சக்கரத்தை வழுக்கச் செய்வதற்குத் தேவையானதைவிட மிகுதியான முறுக்குவிசை என்ஜினிலிருந்து கிடைக்கிறது. எனவே, அத்தகைய ஏற்றத்தில் அச்சுக்கு வரும் விசையின் உச்சத்தை வரையறுப்பது டயரின் பிடிப்பே. சக்கரம் எப்போது வழுக்குகிறதோ அப்போது அச்சு தப்பிக்கிறது. அந்த வழுக்கும் எல்லை, சக்கரத்தின்மேல் உள்ள எடை, தரையின் உராய்வு, டயரின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். மகிந்திரா தாரின் ஒரு வகைக்கு ஆலையிலிருந்து வருவது 245/75 ஆர்16 டயர். அதன் விட்டம் ஏறத்தாழ 774 மில்லிமீட்டர். 35 அங்குல டயரின் விட்டம் 889 மில்லிமீட்டர். ஆரம் 15 விழுக்காடு கூடுகிறது. அதே பிடிப்பில் அச்சு தாங்கவேண்டிய முறுக்குவிசையும் 15 விழுக்காடு கூடுகிறது. முரட்டுப் பற்கள் கொண்ட டயர் பாறையை இன்னும் இறுகப் பற்றினால் அந்தக் கணக்கு மேலும் ஏறும்.

இது சீராக வரும் விசையின் கணக்கு மட்டுமே. அதிர்ச்சியாக வரும் விசை இதனினும் கொடியது. விட்டம் 15 விழுக்காடும் எடை 40 விழுக்காடும் கூடிய ஒரு சக்கரத்தின் சுழல் நிலைமம் ஏறத்தாழ 85 விழுக்காடு கூடுகிறது. அந்தரத்திலோ வழுக்குப் பாறையிலோ சுழலும் சக்கரம் திடீரெனப் பிடிப்புப் பெறும்போது, அதனோடு சுழன்றுகொண்டிருந்த என்ஜின், கியர் பாகங்களின் ஆற்றல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அச்சுத்தண்டின்மேல் அதிர்ச்சியாகப் பாய்கிறது. எங்கள் வண்டியில் நிகழ்ந்தது இதுவே.

இரண்டாம் வாதம்: “இரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.” மொழியியல் மாணவர்கள் இதைக் கேட்டவுடன் புன்னகைக்க வேண்டும். ஒரு தரவுத்தொகுப்பில் ஒரு வடிவம் காணப்படவில்லை என்பதால் அந்த மொழியில் அவ்வடிவமே இல்லை என்று நாம் முடிவு கட்டுவதில்லை. உலோகத்திலும் அப்படித்தான். மீண்டும் மீண்டும் முறுக்கப்படும் எஃகில் நுண்விரிசல் தோன்றி மெல்ல வளர்கிறது. முறியும் நாள்வரை வண்டி வழக்கம்போலவே ஓடும். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். அவர் சொன்ன பாரம் மேலிருந்து வந்தது. நம் காலத்தில் அது கீழிருந்தும் வருகிறது.

மூன்றாம் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு: “மெலிந்த அச்சுத்தண்டு ஒரு ஃபியூஸ் போன்றது, அது முறிந்தால்தான் விலையுயர்ந்த டிஃபரன்ஷியல் பிழைக்கும்.” போட்டித் திடலில், மாற்றுத் தண்டும் மெக்கானிக்கும் அருகில் இருக்கும்போது, இந்த வாதம் செல்லும். ஒருபுறம் பள்ளத்தாக்கு இருக்கும் ஏற்றத்தில் செல்லாது. பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலையில் ஒரு பக்கத் தண்டு முறிந்தால், சாதாரண டிஃபரன்ஷியல் கொண்ட வண்டியில் இரு சக்கரங்களுக்கும் இழுவை அற்றுப்போகும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்ஜின் தடையும் அதனோடு போய்விடும். இன்னொன்றும் உண்டு. வண்டியின் எடையையும் முறுக்குவிசையையும் ஒரே தண்டு சேர்த்துத் தாங்கும் வகை அச்சில், அது வெளிப்புறத்தில் பேரிங்கை ஒட்டி முறிந்தால் சக்கரமே கழன்றுவிடும். எடையை ஹப் தாங்க, தண்டு சுழற்சியை மட்டும் கடத்தும் வகையில் இந்த ஆபத்து இல்லை. எங்கள் தண்டு உட்புறத்தில் முறிந்தது; சக்கரம் தன் இடத்தில் நின்றது. அது எங்கள் நல்லூழ்.

மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. ஆலை அளவிலிருந்து ஒரு படி மட்டும் பெரிய டயரோடு தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அச்சு மாற்ற வேண்டும் என்று சொல்வது வீண் அச்சுறுத்தல். உற்பத்தியாளர் விட்டுவைத்த வலிமையின் மிச்சம் அதைத் தாங்கும். அச்சை மட்டும் மாற்றினால் எல்லாம் தீர்ந்தது என்பதும் தவறு. ஒரு தண்டு முறுக்கைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 10 விழுக்காடு பருத்தால் வலிமை 33 விழுக்காடு கூடும். ஆனால், தண்டு வலுத்தபின் சுமை அடுத்த மெலிந்த கண்ணிக்குச் செல்லும்: கிரௌன், பினியன், பேரிங், பிரேக். பெரிய டயரில் அதே பிரேக் தரும் தடைவிசை குறையும் என்பதையும் மறக்கலாகாது.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே, வலுவான அச்சு வண்டியைப் பாதுகாப்பாக்கலாம். அதனாலேயே சட்டப்படி சரியானதாக ஆக்கிவிடாது. வணிக நோக்கில் ஆட்களை ஏற்றும் வண்டிக்குச் சரியான வழி, ஆலை டயருக்குத் திரும்புவதே.

அது இயலாத காரியமா? அதே மலையில் மானேபஞ்சங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஏறின. அவற்றின் டயர்கள் ஒல்லியானவை. அவ்வண்டிகளின் பின் அச்சுத்தண்டு மெலிந்தது என்பது அவற்றை ஓட்டியவர் அறிந்த செய்தி. கை பிரேக்கும் சக்கரத்தில் இல்லாமல், கியர் பெட்டிக்குப் பின்னுள்ள தண்டில் அமைந்தது; பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலையில் அச்சுத்தண்டு முறிந்தால் கை பிரேக்கும் பயனற்றுப் போகும். அத்தகைய வண்டியை மெல்ல, வழுக்க விடாமல் ஏற்றுவதே ஓட்டுநரின் திறம். அந்தத் திறத்தைத்தான் நாம் பெரிய டயருக்கு விற்றுவிட்டோம்.

என் வேண்டுகோள் துறைகளுக்கும் நெறியாளர்களுக்கும் உரியது. களப்பணி அனுமதிப் படிவத்தில் ஒப்புதல் கடிதம், நெறிமுறைக் குழுச் சான்று, செலவுக் கணக்கு எல்லாம் கேட்கிறீர்கள். மூன்று கேள்விகளைச் சேருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள அளவும், ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட அளவும் ஒன்றா? வேறாயின், அச்சும் பிரேக்கும் அதற்கேற்ப மாற்றப்பட்டுள்ளனவா? வண்டியில் சக்கரத்துக்குக் கொடுக்க மரக்கட்டை இருக்கிறதா? முதல் கேள்விக்கு விடை காண எந்திரவியல் படிக்க வேண்டியதில்லை. எண்களை ஒப்பிடத் தெரிந்தால் போதும்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை மலையடிவாரத்தில் வண்டி பேசும்போது, ஏறுமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள். நாம் டயரைப் பார்த்து ஏறுவதை நிறுத்தினால், அந்த அண்ணன்மார்களும் டயரைக் காட்டி அழைப்பதை நிறுத்துவார்கள்.